மொஹாச் நகரின் புஷோயாராஷ் திருவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரியின் தெற்குக் கோடியில், டான்யூப் நதியின் வலது கரையில் இருக்கிறது மொஹாச். மக்கள்தொகை ஏறக்குறைய 17,000. குளிர்காலம் முடியும் சமயத்தில் ஆறு நாள் அந்த ஊர்த் தெருக்களைக் கொம்பு வைத்த மர முகமூடிகளும் ஆட்டுத்தோல் அங்கிகளும் நிரப்பிவிடும். அந்தத் திருவிழாவின் பெயர் புஷோயாராஷ்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேச் நகரில் சில ஆண்டுகள் படித்தேன். அப்போது மூன்று முறை இந்த விழாவுக்குப் போயிருக்கிறேன். ஜனவரி பிறந்தாலே நண்பர்களும் உறவினர்களும் தொலைபேசியில் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

புஷோயாராஷ் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

முகமூடியும் தோல் அங்கியும் அணிந்தவர் புஷோ. யாராஷ் என்றால் நடப்பது, ஊர் சுற்றுவது. இரண்டும் சேர்ந்தால் புஷோக்கள் ஊர்வலம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன் வரும் கொண்டாட்டப் பருவத்தை ஹங்கேரியர்கள் ஃபர்ஷங் என்கிறார்கள். ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளில் தொடங்கித் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள்வரை அது நீளும். அந்தப் பருவத்தின் கடைசி ஆறு நாள்தான் மொஹாச்சில் புஷோயாராஷ்.

2009ல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அருவக் கலாச்சார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஹங்கேரியிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் ஏறியது இதுதான்.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது? எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுப்பது?

ஈஸ்டரை வைத்துத்தான் கணக்கு. ஈஸ்டர் ஞாயிற்றிலிருந்து 46 நாள் பின்னே எண்ணினால் திருநீற்றுப் புதன். அதற்கு முந்தைய செவ்வாயோடு விழா முடியும், அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வியாழனன்று தொடங்கும். 2026ல் பிப்ரவரி 12 முதல் 17 வரை. 2027ல் பிப்ரவரி 4 முதல் 9 வரை. 2028ல் பிப்ரவரி 24ல் தொடங்கி, லீப் வருடம் என்பதால் பிப்ரவரி 29 அன்று முடியும்.

எங்கள் மாணவர் விடுதியில் ஒருவர் பிப்ரவரி கடைசி வாரம் என்று பொதுவாகக் கேள்விப்பட்டு, அந்த ஆண்டின் கணக்கைப் பார்க்காமல் விடுப்பு எடுத்துவிட்டார். அவர் போய் இறங்கியபோது சதுக்கத்தில் சாம்பல்கூட இல்லை. முதலில் ஈஸ்டர் தேதியைப் பாருங்கள்.

இது ஹங்கேரியர்களின் விழாவா?

இன்றைக்கு ஊர் முழுவதற்கும் சொந்தம். ஆனால் தொடங்கி வைத்தவர்கள் ஷோகாட்ஸ் மக்கள். பொஸ்னியா, ஸ்லவோனியா பக்கமிருந்து வந்து குடியேறிய, குரோவாசியம் பேசும் கத்தோலிக்கர்கள். துருக்கியர் ஆட்சி முடியும் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆள் இல்லாமல் கிடந்த இந்தப் பகுதிகளுக்கு வந்தார்கள். இந்த விழாவை அவர்கள் மொழியில் பொக்லாடே என்பார்கள். இதைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றுகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கின்றன.

மொஹாச்சில் ஹங்கேரியர், ஜெர்மானிய வம்சாவளியினர், செர்பியர், ஷோகாட்ஸ் எல்லோரும் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இப்போதுள்ள புஷோ குழுக்களில் எல்லாச் சமூகத்தாரும் உண்டு. சிறுபான்மையினர் ஒருவரின் பழக்கத்தைப் பெரும்பான்மை ஊரே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. யார் கொடுத்தது என்பதையும் மறக்கவில்லை. மேடையில் அறிவிப்புகள் வரும்போது ஹங்கேரியம், குரோவாசியம் இரண்டு மொழியும் காதில் விழும். இந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

துருக்கியரை முகமூடி போட்டு விரட்டினார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். துருக்கியர் ஊரைப் பிடித்தபோது மக்கள் டான்யூபைக் கடந்து எதிரேயுள்ள மொஹாச் தீவின் சதுப்பு நிலத்தில் ஒளிந்தார்கள். ஒரு நாள் இரவு அவர்கள் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கையில் ஷோகாட்ஸ் முதியவர் ஒருவர் எங்கிருந்தோ வந்தார். "பயப்படாதீர்கள், வீடு திரும்புவீர்கள். மரத்தில் ஆயுதமும் பயங்கர முகங்களும் செதுக்கி வையுங்கள். புயல் அடிக்கும் ஓர் இரவில் உங்களை நடத்திச் செல்ல வீரன் ஒருவன் வருவான்" என்று சொல்லிவிட்டு மறைந்தார். அந்த இரவும் வந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு, மணி அடித்து, கூச்சலிட்டு, படகில் ஆற்றைக் கடந்தார்கள். பேய்கள் வருவதாக நினைத்துத் துருக்கியர் விடிவதற்குள் ஓடிவிட்டார்கள்.

வரலாற்றில் அப்படி ஒரு சம்பவம் கிடையாது. ஷோகாட்ஸ் மக்கள் பெருமளவில் இங்கே வந்ததே துருக்கியர் கிளம்பும் தறுவாயில்தான். மொஹாச்சுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை இது. குளிர்காலத்தின் முடிவில் தோல் போர்த்தி, மணி கட்டி, சத்தமிட்டுப் பனியை விரட்டும் வழக்கம் சுற்று வட்டாரம் முழுவதும் உண்டு. ஸ்லோவேனியாவில் குரெண்ட், பல்கேரியாவில் குக்கேரி, குரோவாசியாவின் கஸ்தாவ் பக்கத்தில் மணி கட்டி ஆடுபவர்கள் என்று ஒரே குடும்பத்தின் பல கிளைகள். அடிப்படையில் இது குளிரை விரட்டி, வரும் பருவத்தின் விளைச்சலை அழைக்கும் சடங்கு.

அப்படியிருக்க மொஹாச்சில் மட்டும் ஏன் துருக்கியர் கதை இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டது? அதற்கு ஊரின் பெயரே பதில். 1526 ஆகஸ்ட் 29 அன்று இந்த ஊருக்குத் தெற்கேயுள்ள வெளியில் சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரியப் படையை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நொறுக்கியது. பேராயர்கள் இருவரும் ஆயர்கள் ஐவரும் களத்திலேயே விழுந்தார்கள். இருபது வயது அரசன் இரண்டாம் லாயோஷ் பின்வாங்கும்போது செலெ ஓடையில் இறந்துபோனான். 1541ல் தலைநகர் புடா விழுந்தது. நாடு மூன்று துண்டானது. நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு துருக்கியர் கையில் இருந்தது. இன்றும் ஹங்கேரியில் யாராவது பர்ஸைத் தொலைத்தாலோ தேர்வில் கோட்டைவிட்டாலோ, "மொஹாச்சில் இதைவிட அதிகம் போயிருக்கிறது" என்று சொல்லித்தான் ஆற்றுவார்கள்.

தோல்விக்கு இன்னொரு பெயராகிவிட்ட ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள், "இல்லை, நாங்களும் ஒரு தடவை விரட்டினோம்" என்று தங்களுக்கென்று ஒரு கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள். படகில் ஆற்றைக் கடந்து வருவதும் அந்தக் கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவதுதான். கரையில் நின்று பார்க்கும்போது, அது நடந்ததா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

முகமூடியை எப்படிச் செய்கிறார்கள்?

வில்லோ மரத்தில். கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்தின் இனம்தான். டான்யூப் கரையில் ஏராளமாக வளர்கிறது. மிருதுவானது, கனமில்லாதது, உளிக்கு இணங்கும். அடிமரத்துண்டை இரண்டாகப் பிளந்து, முதலில் வெளிப்பக்கம் நெற்றி, மூக்கு, பல் என்று கொத்தி எடுக்கிறார்கள். பிறகு திருப்பி வைத்து உட்பக்கத்தைக் குடைகிறார்கள். சுவர் தடிமனாக இருந்தால் கழுத்து தாங்காது, மெல்லியதாகிவிட்டால் காயும்போது வெடிக்கும். கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை போட்டதும் பூச்சு. அந்தக் காலத்தில் விலங்கின் ரத்தத்தைப் பூசினார்கள். கருஞ்சிவப்பாக உறைந்து நிற்கும் அந்த நிறத்தையே இப்போது சாயத்தில் கொண்டுவருகிறார்கள். மேலே மாட்டுக் கொம்போ ஆட்டுக் கொம்போ பொருத்துவார்கள். பின்னால் தலையையும் பிடரியையும் மூட ஆட்டுத்தோல் தைப்பார்கள்.

செதுக்குபவர் ஒருவரின் பட்டறையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். தரையெல்லாம் சுருள் சுருளாக மரச் சீவல், ஈர மரத்தின் கசப்பு வாசம். சுவரில் பதினைந்து முகங்கள் தொங்கின. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. பாதி முடிந்த ஒன்றை எடுத்து, கேட்காமலே என் முகத்தில் வைத்து அழுத்தினார். கண் துளை வழியாக அவருடைய மேசையின் ஒரு மூலைதான் தெரிந்தது. என் மூச்சு மரத்தில் பட்டு என் கன்னத்துக்கே சூடாகத் திரும்பியது. என்னவோ சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்தது என் குரல் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "அதனால்தான் புஷோ பேசமாட்டான்" என்றார். உள்ளே யார் என்று தெரியக்கூடாது என்பது பழைய விதி. பேசினாலும் குரலை மாற்றித்தான் பேச வேண்டும்.

உடையில் வேறு என்னென்ன இருக்கும்?

ரோமம் வெளியே தெரியும்படி உள்வெளியாகத் திருப்பிப் போட்ட ஆட்டுத்தோல் அங்கி. கீழே கட்யா என்ற அகலமான வெள்ளைக் கால்சட்டை. அதற்குள் வைக்கோலை அடைத்து உப்ப வைப்பார்கள். முழங்கால்வரை கையால் பின்னிய வண்ணக் காலுறை, காலில் பொச்கோர் என்ற தோல் செருப்பு. இடுப்பில் கயிறு, அதில் மாட்டுக் கழுத்து மணி. கையில் மரக் கதாயுதம் அல்லது கெரெப்லோ.

கெரெப்லோவைக் கேட்டால்தான் புரியும். கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் மரப் பற்சக்கரத்தின் மேல் மரச் சட்டம் தட்டித் தட்டித் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம் வரும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்து, கூடவே மணிகளும் ஊதுகொம்பும் நடுநடுவே பீரங்கி வெடியும் கேட்டால் நெஞ்செலும்பு அதிரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் காதுக்குப் பஞ்சோ காதுமூடியோ எடுத்துப் போங்கள்.

காலுறையைத் தனியாகக் கவனியுங்கள். முகமூடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தக் காலுறைகளை ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியோ அம்மாவோ பின்னியிருப்பார்கள். ஊர்வலம் கிளம்பும் முன் ஒரு சந்தில், முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு நின்ற ஒரு தாட்டியான மனிதரின் காலடியில் குனிந்து, நழுவிய காலுறையை ஒரு மூதாட்டி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிக்குக் கிளம்பும் பையனைப்போல அசையாமல் நின்றார்.

முகமூடி போட்ட எல்லோரும் புஷோதானா?

இல்லை. கந்தல் உடையில், முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு ஓடி வருபவர்கள் யங்கெலே. புஷோக்களைச் சீண்ட வரும் சிறுவர்களை ஒதுக்கி விடுவது அவர்கள் வேலை. முன்பு சாம்பலோ மாவோ நிரப்பிய சாக்குப் பையால் அடிப்பார்களாம். இப்போதும் பை உண்டு, உள்ளே இருப்பது மென்மையான பொருள். பட்டால் வலிக்காது, கறுப்புக் கோட்டு போட்டிருந்தால் துடைத்துக்கொள்ள நேரிடும்.

ஷோகாட்ஸ் பெண்களின் பாரம்பரிய உடையில் முகத்திரையோடு வருபவர்கள் அழகுப் புஷோக்கள். பூவேலைப்பாடு செய்த பாவாடை, மேலாடை, தலைத்துணி. முரட்டு உருவங்களுக்கு நடுவே அவர்கள் நடந்து வருவது தனி அழகு.

ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது. எந்த நாள் போவது?

மற்ற எல்லோரும் ஞாயிறு என்பார்கள். நான் செவ்வாய் என்பேன். இரண்டையும் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

வியாழன் குழந்தைகளுடையது. பள்ளிப் பிள்ளைகள் வேடமிட்டு வருவார்கள், அவர்களுக்குப் போட்டியும் உண்டு. முழங்கால் உயரத்தில் ஒரு புஷோ தன் கெரெப்லோவைச் சுழற்ற முடியாமல் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இந்த வழக்கம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று புரியும். வெள்ளியும் சனியும் கைவினைச் சந்தை, முகமூடிக் கண்காட்சி, நாட்டுப்புற நடனம், தம்புரா (நம் தம்பூரா அல்ல, மீட்டி வாசிக்கும் வேறொரு நரம்புக் கருவி) இசை.

ஞாயிறு பெரிய நாள். புஷோக்கள் டான்யூபின் எதிர்க்கரையிலிருந்து துடுப்புப் படகுகளில் கடந்து வருவார்கள். யுனெஸ்கோ பதிவிலேயே 500க்கு மேற்பட்ட புஷோக்கள் என்று இருக்கிறது. காலையில் ஆற்றின்மேல் மூடுபனி இருந்தால், படகு தெரியுமுன் மணிச் சத்தம் மட்டும் நீரின்மேல் மிதந்து வரும். கரையேறியதும் கோலோ சதுக்கத்தில் கூடுவார்கள். பிறகு குதிரை வண்டிகளோடும் விதவிதமான ஊர்திகளோடும் ஊருக்குள் ஊர்வலம். சவப்பெட்டி ஒன்றை ஆற்றில் இறக்கி விடுவதும் அன்றுதான்; உள்ளே போவது குளிர்காலம். இருட்டியதும் செசேனி சதுக்கத்தில் தீ மூட்டி ஆடுவார்கள். அற்புதமான நாள். ஆனால் கூட்டம். நாடெங்கிலுமிருந்து பேருந்துகளில் வந்து இறங்குவார்கள். முன்வரிசையில் நிற்க இரண்டு மணி நேரம் முன்பே போக வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே நீட்டிய கைபேசித் திரையில்தான் ஊர்வலத்தைப் பார்ப்பீர்கள்.

செவ்வாய் வேறு மாதிரி. அந்த நாளின் ஹங்கேரியப் பெயருக்கு "இறைச்சியை விடும் செவ்வாய்" என்று பொருள். மறுநாள் தவக்காலம். வார நாள் என்பதால் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். ஊர் தன்னந்தனியாகத் தன் விழாவை முடிக்கும். மதியத்துக்குமேல் சதுக்கத்தில் விறகை ஆளுயரத்துக்கும் மேலாக அடுக்கி, அந்தி நேரத்தில் தீ வைத்து, குளிர்காலத்தின் சவப்பெட்டி ஒன்றை அதன்மேல் ஏற்றுவார்கள். நம் ஊரில் சொக்கப்பனை பார்த்தவர்களுக்கு அந்த வெக்கையும் பொறி பறப்பதும் பழக்கமானவைதான். நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. புஷோக்கள் தீயைச் சுற்றிக் கைகோத்துக் கோலோ ஆடத் தொடங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், கடைக்காரப் பெண்கள், பள்ளிப் பையன்கள் ஒவ்வொருவராக வட்டத்தில் நுழைந்தார்கள். என் கையை ஒரு தோல் கையுறை பிடித்து இழுத்தது. அடி தெரியாது என்று சொல்ல நேரமில்லை. இடப்பக்கம் புஷோ, வலப்பக்கம் மருந்துக் கடையில் நான் அடிக்கடி பார்த்த பெண்மணி. அவர் காலைப் பார்த்து நான் காலை வைத்தேன். தீ தாழும்போது பெரும்பாலானோர் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். வியர்த்த தலைகளிலிருந்து ஆவி எழுந்தது. நான்கைந்து நாளாக எனக்கு விலங்காகத் தெரிந்தவர்களில் ஒருவர் எங்கள் பேருந்தின் ஓட்டுநர்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல படம் கிடைக்கும். ஊர் எதற்காக இதைச் செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை வரை இருங்கள். முடிந்தால் ஞாயிறு வந்து, திங்கள் பேச் நகரைச் சுற்றிவிட்டு, செவ்வாய் மறுபடி வாருங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? புஷோக்கள் தொந்தரவு செய்வார்களா?

தனியாகச் செல்லும் பெண்கள் நிறையவே வருகிறார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வளமை வேண்டும் சடங்கு என்பதால் புஷோக்கள் பெண்களைக் கேலி செய்வதும் கட்டிப்பிடிப்பதும் பழைய வழக்கத்தின் பகுதி. திடீரென்று ஒரு ரோம அங்கி உங்களை அணைத்துத் தூக்கிவிடலாம். ஊர்ப் பெண்கள் அதைச் சிரிப்போடு எதிர்கொள்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் உள்ளங்கையை நீட்டித் தடுத்து, "நெம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். வேண்டாம் என்று பொருள். என்னோடு வந்த தோழிகள் அப்படிச் சொன்னபோது புஷோக்கள் உடனே விலகினார்கள். வழக்கம் என்ற பெயரில் எல்லை மீறினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சதுக்கத்திலும் ஊர்வலப் பாதையிலும் காவலர்கள் நிற்பார்கள், சொல்லலாம். வீதியின் நடுவிலிருந்து விலகி, கட்டடங்களை ஒட்டி நின்றால் இந்தச் சீண்டல் பெரும்பாலும் எட்டாது. இரவு வெகுநேரம் ஆனால் குடித்தவர்கள் அதிகம். அதை மனதில் வைத்துத் திரும்பும் நேரத்தைத் திட்டமிடுங்கள்.

குழந்தைகள் முதல் பார்வையில் பயந்து அழுவார்கள். வியாழனன்று குட்டிப் புஷோக்களைக் காட்டிப் பழக்கிவிட்டு ஞாயிறு கூட்டிப்போவது நல்லது.

சாப்பிட என்ன கிடைக்கும்? சைவம் உண்டா?

ஊரின் சிறப்பு மண்பானையில் நெருப்போரமாக மணிக்கணக்கில் வேகும் பீன்ஸ். ஷோகாட்ஸ் வீடுகளின் சமையல் அது. ஆனால் பெரும்பாலும் புகையூட்டிய பன்றிக்கால் சேர்ப்பார்கள். இறைச்சி உண்பவர்கள் தவறவிடாதீர்கள். பானையின் அடியில் இருக்கும் குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட வேண்டும்.

சைவர்களுக்கு லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த, நம் பூரியைவிட நான்கு மடங்கு பெரிய மாவு. மேலே பூண்டு நீர், புளித்த கிரீம், துருவிய சீஸ். சில கடைகளில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபர்ஷங் பருவத்துக்கென்றே வரும் ஃபாங்க், பாதாமி ஜாமோடு தின்னும் டோநட் வகை. மாவில் முட்டை மஞ்சள்கரு சேரும். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் கையோடு ஏதாவது கொண்டுபோவது உத்தமம்.

புஷோக்கள் பழத்தில் வடித்த பாலின்காவை நீட்டுவார்கள். மிகவும் வீரியமான சாராயம். மறுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். காரில் வந்திருந்தால் ஒரு மிடறுகூட வேண்டாம். ஹங்கேரியில் மது குடித்துவிட்டு வண்டி ஓட்டச் சட்டம் துளியும் இடம் தருவதில்லை.

எப்படிப் போவது? எங்கே தங்குவது?

புடாபெஸ்டிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். காரில் எம் 6 நெடுஞ்சாலை வழியாக நேராகத் தெற்கே. பொதுப் போக்குவரத்தில் எனக்குத் தெரிந்த எளிய வழி, புடாபெஸ்டிலிருந்து பேச் நகருக்கு ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து பேருந்து. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். செலவு ஃபோரிண்டில்; சந்தைக் கடைகளுக்குச் சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொஹாச் சின்ன ஊர், தங்கும் அறைகள் கொஞ்சம்தான், பல மாதம் முன்பே போய்விடும். பேச் நகரில் தங்குங்கள். அங்கே பார்க்கவும் நிறைய உண்டு. நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கல்லறைகள் உலக மரபுச் சின்னம். நடுச் சதுக்கத்தில் காசிம் பாஷா கட்டிய மசூதி இன்று கத்தோலிக்கக் கோயிலாக இருக்கிறது. குவிமாட உச்சியில் பிறையும் சிலுவையும் சேர்ந்தே நிற்கின்றன. புஷோக்களின் கதையைக் கேட்டுவிட்டு வந்து அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் இந்த வட்டாரத்தின் வரலாறு கொஞ்சம் பிடிபடும்.

குளிர் தாங்குமா?

பகலில் சில பாகைதான் இருக்கும், இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். ஆற்றங்கரைக் காற்று எலும்பில் இறங்கும். மற்றதையெல்லாம்விடக் காலணியை நன்றாகப் பாருங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பதால் குளிர் பாதத்திலிருந்துதான் ஏறும். தடித்த அடிப்பாகம், இரண்டு ஜோடிக் காலுறை.

முகமூடி வாங்கி வரலாமா? நானும் புஷோ வேடம் போடலாமா?

வாங்கலாம். சந்தையில் சாவிக்கொத்து அளவிலிருந்து நிஜ அளவு வரை கிடைக்கும். நிஜமாக அணியும் முகமூடி வேண்டுமானால் செதுக்குபவரிடமே கேளுங்கள். விலை அதிகம்தான், அவர் அதில் செலவிட்ட நாள்களுக்கு அது பொருந்தும். உள்ளே இருப்பது மரம், தோல், கொம்பு என்பதால் விமானத்தில் கொண்டுவருமுன் உங்கள் நாட்டுச் சுங்க விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னதாக வேண்டுமானால் மொஹாச்சின் கறுப்பு மண்பாண்டம் வாங்குங்கள். சூளையில் காற்றை அடைத்துப் புகையிலேயே வேக வைப்பதால் மண் கரியாக மாறுகிறது. சாயம் ஏதும் கிடையாது.

வேடம் போடுவது வேறு விஷயம். புஷோக்கள் குழுக்களாக இயங்குகிறார்கள். முகமூடி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. செதுக்கவும் ஆடவும் அந்தக் குழுக்களே இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கின்றன. ஊரில் வாழ்ந்து பழகியவரை ஒரு குழு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் வந்து வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளும் உடையாக இதை நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கோலோ வட்டத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு, அங்கே சேருங்கள்.

பிப்ரவரியில் வர முடியாது. மற்ற மாதங்களில் என்ன இருக்கிறது?

புஷோ முற்றம் என்ற இடத்தில் முகமூடிகளையும் முழு உடைகளையும் ஆண்டு முழுவதும் பார்க்கலாம். கனிஜாய் டொரோட்யா அருங்காட்சியகத்தில் ஷோகாட்ஸ், செர்பிய, ஜெர்மானிய மக்களின் உடைகளும் வீட்டுப் பொருள்களும் உள்ளன. அந்தப் பெயருக்குரிய அம்மையார் 1526 போரில் இறந்தவர்களைத் தன் செலவில் ஆள் வைத்துப் புதைத்தவர்.

ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஷாடோர்ஹெய் நினைவிடம். அங்கே வீரர்களின் கூட்டுப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. போரின் 450ஆம் ஆண்டான 1976ல் நினைவிடம் திறக்கப்பட்டது. புல்வெளியில் செதுக்கிய மரத்தூண்கள் குனிந்தும் சாய்ந்தும் நிற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 நினைவு நாள். 2026ல் அது 500ஆம் ஆண்டு. ஊரின் நடுவே செசேனி சதுக்கத்தில் நிற்கும் குவிமாடக் கோயிலும் அதே போரின் நினைவாக, 400ஆம் ஆண்டான 1926ல் அடிக்கல் நாட்டப்பட்டதுதான். செவ்வாய் மாலை சவப்பெட்டி எரிவது அதன் வாசலுக்கு எதிரே.

புதன்கிழமை காலை ஏதாவது நிகழ்ச்சி உண்டா?

இல்லை. நான் ஒருமுறை பேருந்துக்காகக் காலை எட்டு மணிக்கு அந்தச் சதுக்கத்தில் நின்றிருந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட இருவர் சாம்பலை மண்வாரியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடைபாதை ஓரமெல்லாம் கட்யாவிலிருந்து உதிர்ந்த வைக்கோல். வயதான சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து இறங்கி வந்தார்கள். பேருந்து வந்தது. முந்தைய இரவு தீயருகே பார்த்த அதே ஓட்டுநர். நான் காலால் கோலோ அடி போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பயணச்சீட்டைக் கொடுத்தார். கைவிரல்களின் இடுக்கில் கரி இன்னும் போகவில்லை.